கான்வி: நகராட்சியா, கோட்டையின் வெளிமுற்றமா?

மதில்காரன்:
வடக்கு வேல்ஸின் கான்வியைத் தன்னாட்சி பெற்ற இடைக்கால நகரம் என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் 1283இல் அங்கிருந்த துறவியர் மடத்தை மேனன் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டு, கோட்டையையும் நகர மதிலையும் ஒரே வேலையாகத் தொடங்கினார். 1287க்குள் முடித்தார்கள்; செலவு சுமார் 15,000 பவுண்டு. அரசர் ஊருக்குத் தந்த 1284ஆம் ஆண்டு உரிமைப் பட்டயப்படி கோட்டைத் தளபதிதான் மேயர். மேயரைத் தேர்ந்தெடுக்க முடியாத ஊரில் என்ன தன்னாட்சி?

பட்டயப்பித்தன்:
மேயரோடு படிப்பதை நிறுத்திவிட்டீர்கள். அதே பட்டயம், ஆண்டுதோறும் மிக்கேல் திருநாளில் (செப்டம்பர் 29) இரண்டு பெய்லிஃப்களை (நகர நிர்வாக அலுவலர்களை) ஊராரே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. பண்ணையடிமை ஒருவர் அங்கே மனை வைத்து, நகர வரியில் தன் பங்கைக் கட்டி, ஓர் ஆண்டும் ஒரு நாளும் இருந்துவிட்டால் பழைய எசமானர் அவரைத் திரும்பக் கேட்க முடியாது. இது வெறும் ராணுவ முகாமில் கிடைக்கும் உரிமையா?

மதில்காரன்:
அந்த உரிமை யாருக்கு? பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தியவர்களுக்கு. யூதர்கள் அங்கே வசிக்கக் கூடாது என்பதும் அதே பட்டயத்தில்தான் இருக்கிறது. மதிலின் அமைப்பையும் பாருங்கள். 1.3 கி.மீ. நீளம், 21 கொத்தளங்கள். பெரும்பாலானவை ஊர்ப் பக்கம் திறந்தே இருக்கும். மதிலுச்சியில் நடக்கும் வழி அந்த இடத்தில் அறுந்து, மரப்பலகை போட்டுத்தான் கடக்க முடியும். எதிரி ஒரு துண்டில் ஏறினால் இரு பக்கமும் பலகையை இழுத்துவிடலாம், ஆள் அங்கேயே மாட்டிக்கொள்வான். தெற்கு மதிலில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் 12 கழிப்பறைகள்கூட அரசரின் அலுவலர்களுக்குக் கட்டியவை.

கொத்தன்மகள்:
சரி, அந்தப் பலகைகளை யார் இழுப்பது? கோட்டைக் காவலுக்கு விதித்தது 30 பேர். அதில் 15 பேர் குறுக்குவில் வீரர்கள். மீதியில் பாதிரியார், தச்சர், கொல்லர், கொத்தனார் எல்லாரும் அடக்கம். இவர்களை வைத்து 21 கொத்தளங்களைக் காக்கவே முடியாது, ஊரார் ஏறி நின்றாக வேண்டும். அதோடு அரசர் தொடர்ந்து அங்கே தங்கவில்லை. 1321 ஆய்விலேயே கோட்டை பராமரிப்பின்றிக் கிடந்தது தெரிகிறது. பெருங்கூடத்தின் கூரை மரம் உளுத்துப்போய், 1346-47இல் கல் வளைவுகள் கட்டித் தாங்கினார்கள். கோட்டை பாழாகிக்கொண்டிருந்த காலத்திலும் ஊர் நடந்தது.

பட்டயப்பித்தன்:
1401 புனித வெள்ளியும் இதைத்தான் காட்டுகிறது. காவற்படை ஊர்க் கோயிலில் பூசையில் இருந்தது. வேல்ஸ் கிளர்ச்சியாளர்களான ரீஸ், குவிலிம் சகோதரர்களின் ஆட்கள் வேலைக்கு வந்த தச்சர் போல நுழைந்து கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டைக்குள் சிற்றாலயம் இருந்தும் வழிபாட்டுக்கு ஊரையே நாடியிருக்கிறார்கள்.

மதில்காரன்:
பூசைக்குப் போனதால் அதிகாரம் கைமாறிவிடாது. கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே பாறையைக் குடைந்த அகழியும் தூக்குப்பாலமும் எதற்கு? ஆற்றுப் பக்கம் கோட்டைக்குத் தனி வாசல் உண்டு. 1294-95 குளிர்காலத்தில் வேல்ஸ் கிளர்ச்சியாளர்கள் சூழ்ந்து எட்வர்ட் உள்ளே மாட்டிக்கொண்டபோது உணவு கடல் வழியாகத்தான் வந்தது. ஊரே கைவிட்டுப் போனாலும் கோட்டை மட்டும் தாக்குப்பிடிக்கும்படி கட்டியிருக்கிறார்கள்.