டோல்கீன்ட 'லோர்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின்ட கடைசிப் புத்தகம் 'ரிட்டர்ன் ஆஃப் த கிங்' முடிச்ச ஆக்கள், கடைசி ஆறு அத்தியாயத்தப் பத்திக் கொஞ்சம் கதைப்பமா

கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து:

அந்தப் பொல்லாத மந்திர மோதிரம் நெருப்புக்குள்ள விழுந்து கதை முடிஞ்சுது எண்டு பாத்தா இன்னும் ஆறு அத்தியாயம் கிடக்கு, இதத்தான் ஆளாளுக்கு இழுவை எண்டு சொல்லுற. என்ட கூட்டாளிமார் எல்லாம் படம் பாத்த ஆக்கள், 2003ல வந்த பீட்டர் ஜாக்சன்ட படம், 11 ஒஸ்கார் எடுத்தது. அதில ஃப்ரோடோ, அவன்ட தோட்டக்காரன் சாம், மெர்ரி, பிப்பின் எண்ட நாலு ஹொபிட்டும் (கதையில வாற குள்ள மனிசர்) போர் முடிஞ்சு ஊருக்கு வருவாங்க, அவங்கட ஊர் ஷயர், விட்டிட்டுப் போன மாதிரியே பச்சைப்பசேலெண்டு இருக்கும், குந்தி இருந்து பியர் குடிப்பாங்க, அவ்வளவுதான். புத்தகத்தில அப்பிடி இல்லகா. பாலத்தடியில கேட் போட்டுப் பூட்டிக்கிடக்கு, ராத்திரி வந்தா திறக்கேலாதாம், சொல்றது வேற ஆருமில்ல, சொந்த ஊர் ஆக்களே பயந்து பயந்து சொல்றாங்க. சுவர் முழுக்க சட்டம் எழுதித் தொங்குது. பியர்க் கடையெல்லாம் மூடியாச்சு. ஊரப் பிடிச்சு வெச்சிருக்கிற முரடர் அறுவடைய 'பங்கிட' எண்டு வந்து அள்ளிக்கொண்டு போறாங்க, போனது போனதுதான், கிறுகி வாறதில்ல. எங்கட படுவான்கரையில, மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம், வேளாண்மை செய்த ஆருக்கும் இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல.

கதைத் தொடக்கத்தில ஒரு பிறந்தநாள் விருந்து வரும், ஞாபகமா? அந்த விருந்து நடந்த இடத்து மரத்தத் தறிச்சு, ஒரு பிரயோசனமும் இல்லாம வயலுக்குள்ள சும்மா போட்டிருக்காங்க, சாம் அதக் கண்டதும் அழுதிருவான். நான் அவடத்த நிப்பாட்டிட்டன், மறுகா அடுத்த நாள்தான் எடுத்தன். 2007ல நாங்க போரால இடம்பெயர்ந்து இருந்து ஊருக்கு வந்த நேரம் அப்பா வளவுக்குள்ள வந்ததும் வீட்டப் பாக்கல்ல, நேரா பின்பக்கம் பலாமரத்தடிக்குப் போனார், மரம் இல்ல, அடிக்கட்டைதான் கிடந்தது. வீட்டில ஓடும் இல்ல, ஜன்னலும் இல்ல, கதவு நிலையைக் கூடக் கழட்டிக்கொண்டு போயிருந்தாங்க, அதப்பத்தி ஒரு கதை கதைக்கல்ல மனிசன், பலாவத் தறிச்சவனத்தான் ரெண்டு மூண்டு வருசமா ஏசிக்கொண்டு திரிஞ்சார்.

டோல்கீன் சும்மா கற்பனையில எழுதின ஆளில்ல, முதலாம் உலகப் போரில, 1916ல பிரான்சில நடந்த சொம் சண்டையில நிண்டவர், 1918 ஆகேக்க நெருங்கின கூட்டாளிமாரில ஒராளத் தவிர மத்த ஆக்கள் எல்லாம் செத்துப்போனாங்க எண்டு ரெண்டாம் பதிப்பு முன்னுரையில எழுதியிருக்கார். அதே முன்னுரையில ஷயர் இப்பிடிக் கிடக்கிற இந்த அத்தியாயம் ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்து இருந்த நிலையைச் சொல்றதில்ல எண்டும் சொல்றார், சின்ன வயசில தான் இருந்த ஊர் அழிஞ்சதுதான் அடியில கிடக்காம். அப்ப நீ ஏன் உன்ட கதைய இதுக்குள்ள கொண்டு வாறாய் எண்டு கேக்கலாம். கேளுங்க. எனக்கு இந்தப் புத்தகம் வேற மாதிரி வாசிக்கத் தெரியல்ல. அவ்வளவு பெரிய போர் எல்லாம் முடிஞ்சு, சொந்த ஊர்ச் சண்டையில 19 ஹொபிட் சாகுது, அந்த மனிசன் அதையும் எண்ணி எழுதுறார் பாருங்க. படத்துக்காரன் அதத் தூக்கி எறிஞ்சிட்டான்.

மருதமுனையிலிருந்து:

அண்ணன், நீங்க சொல்ற எல்லாம் சரி, ஆனா எனக்கு அந்தப் பெட்டியிலதான் கோவம். கலாட்ரியல் எண்ட மந்திர சக்தியுள்ள பொம்பள ஒரு சின்னப் பெட்டியில போட்டுக் குடுத்த மண்ண சாம் கண்டுக்கு ஒரு துணிக்கை எண்டு போடுறான், அடுத்த வருசமே மரமெல்லாம் எழும்பி நிக்கிது, நல்லா இரிக்கே கதை! நமக்கு ஆரு பெட்டி தந்த? சுனாமிக்குப் பிறகு எங்கட பக்கம் கிணத்துத் தண்ணியெல்லாம் உப்பு, வாப்பா வெச்ச தென்னம்புள்ள ஒண்டு பட்டுப் போக ஒண்டு வெச்சி, கடைசியா தப்பினது காய்க்கேக்க நான் ஏஎல் (உயர்தரம்) முடிச்சிட்டன். அவ்வளவு நேரம் உண்மையா எழுதிப்போட்டு கடைசியில மந்திரம் போட்டா என்ன அர்த்தம்?

மட்டக்களப்பு டவுனிலிருந்து:

எனக்கு உண்மையா இழுவைதான், அதுவும் ஆளாளுக்குப் பிரியாவிடை சொல்ற அத்தியாயம், தாங்கேலாது. தலைப்பும் சரியில்ல, ராசா திரும்பி வருவார் எண்டு அட்டையிலயே சொல்லியாச்சு, டோல்கீனுக்கே அது விருப்பமில்ல, 'மோதிரப் போர்' எண்டு வைக்கத்தான் கேட்டவர். ஒரு இடம் மட்டும் சிரிப்பு வந்தது. ஷயர்க் கணக்கில 1420ம் வருசம் எண்டா அப்பிடி ஒரு விளைச்சல், கனகாலம் போயும் கிழவன்மார் நல்ல பியர் குடிச்சா இதுதான்டா அசல் 1420 எண்டு சொல்லுவாங்களாம். எங்கட அம்மம்மாவுக்கும் ஒரு வருசம்தான், மட்டக்களப்பில சூறாவளி அடிச்ச 1978. பிள்ளை பிறந்தது, காணி வாங்கினது, ஆரு செத்தது, எல்லாம் சூறாவளிக்கு முதல் இல்லாட்டி சூறாவளிக்குப் பிறகு. என்ன, அவவுக்குக் குடிக்க ஒண்டுமில்ல, அந்த நவம்பரில விழுந்த தென்னங்கணக்குத்தான்.

கொக்கட்டிச்சோலைக்காரன் மறுகாவும்:

தம்பி பெட்டிக்கதை சொன்னது எனக்கும் ஏறுது, வாசிக்கேக்க இது என்னடா லேசா முடிக்கப் பாக்கிறார் எண்டுதான் நினைச்சன். ஆனா ஒண்டப் பாரு, அந்த மண் மரத்துக்குத்தான் வேலை செய்யிது, மோதிரத்தச் சுமந்துகொண்டு போன ஃப்ரோடோவுக்கு இல்ல. போற வழியில அவனுக்குக் கத்திக்குத்துப் பட்ட ஒக்டோபர் 6 ஒவ்வொரு வருசமும் வரும், ஆள் சுகமில்லாமப் போயிருவான், ஆருக்கும் சொல்லமாட்டான். மெர்ரியும் பிப்பினும் பளபளக்குற கவசத்தோட ஊரெல்லாம் திரிஞ்சு பாட்டுப் பாடுறாங்க, சனம் அவங்களத்தான் ஆ எண்டு பாக்குது, உண்மையில வேலை செய்தவன ஊரில ஒருத்தரும் கணக்கெடுக்கல்ல, சாமுக்கு அது பெரிய மனவருத்தம். எங்கட ஊரிலயும் ரெண்டு வகையும் இருக்காங்க. மேடை போட்டுக் கதைக்குற ஆக்கள எல்லாருக்கும் தெரியும். எங்கட சின்னமாமா தைப்பொங்கலுக்கு வெடி போட்டா மாட்டுக்கொட்டிலுக்குள்ள போயிருவார், நாங்களும் தேடப் போறதில்ல, வெடி நிண்டதும் அவரா வந்து சோத்தப் போடு எண்டு கேப்பார்.

அதால ஃப்ரோடோ கடைசியில ஊர விட்டுக் கப்பல் ஏறினது எனக்கு விளங்குது. இழுவை எண்டு சொன்ன தங்கச்சி பின்னிணைப்பயும் விட்டிருப்பா எண்டு நினைக்கிறன், அதில சாம்ட கதை கிடக்கு, ஏழு தரம் மேயர், 13 புள்ளயள். அதுக்கெல்லாம் ஆளுக்கு நேரம் எங்கால வந்ததோ தெரியல்ல.