ஒபாமாவும் போதகர் ரைட்டும்: உறவை முறிக்க ஆறு வாரம் ஏன்?

கேள்வி:
வணக்கம். 2008 அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் படித்து வருகிறேன். சிகாகோவின் டிரினிட்டி சபைப் போதகர் ஜெரமையா ரைட், ஒபாமாவின் திருமணத்தை நடத்தி வைத்தவர். அவருடைய இரு மகள்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர். அமெரிக்காவைக் கடவுள் சபிக்கட்டும் என்று அவர் முழங்கிய 2003ஆம் ஆண்டுப் பிரசங்கம் அந்த மார்ச்சில் தொலைக்காட்சியில் வெளியானதும், 18ஆம் தேதி பிலடெல்பியாவில் பேசிய ஒபாமா அந்தச் சொற்களைக் கண்டித்தாரே தவிர, அவரைக் கைவிட மறுத்தார். ஆனால் ஏப்ரல் 29 அன்று உறவையே முறித்துக்கொண்டார். இடையில் என்ன மாறியது?

பதில் 1:
மாற்றியது ஏப்ரல் 28 தான், ஐயா. அன்று வாஷிங்டன் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் ரைட், கறுப்பினத்தவரை அழிக்க எய்ட்ஸ் கிருமியை உருவாக்கியதே அரசுதான் என்று முன்பு சுமத்திய பழியைத் திரும்பப் பெறவில்லை; யூத எதிர்ப்புப் பேச்சுகளால் சர்ச்சைக்குள்ளான, ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பின் தலைவர் ஃபாரகானைப் புகழ்ந்தார்; எல்லாவற்றுக்கும் மேலாக, ஒபாமா தம்மைக் கண்டித்தது அரசியல்வாதிக்குரிய பேச்சு என்றார். பிலடெல்பியாவில் தன்னை வளர்த்த வெள்ளையினப் பாட்டியோடு சேர்த்து ரைட்டையும் விட்டுக்கொடுக்காமல் பேசியவருக்கு, தன் நேர்மையையே சந்தேகிக்கும் அந்தச் சொல்தான் தாங்க முடியாததாக இருந்தது என்பது மறுநாள் வின்ஸ்டன்-சேலத்தில் அவர் பேசியதிலிருந்து தெரிகிறது.

பதில் 2:
துண்டுக் காட்சிகளை மட்டும் வைத்து ரைட்டை எடைபோடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு அடுத்த ஞாயிறான 2001 செப்டம்பர் 16 அன்று பிரசங்கத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது பைபிளின் சங்கீதம் 137. பாபிலோன் ஆறுகளருகே அழுதவர்களின் துயரம், எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதும் வெறியாக முடிகிற பாடல் அது. பக்தி பழிவாங்கலாக மாறுவதன் ஆபத்தைத்தான் அவர் எச்சரித்தார். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற பொருளில் அன்று அவர் சொன்னதும், முன்னாள் தூதர் ஒருவர் தொலைக்காட்சியில் பேசியதைச் சுட்டிக்காட்டிச் சொன்னதே. ஒளிபரப்பான துண்டில் சங்கீதமும் இல்லை, தூதரும் இல்லை. எனினும் எய்ட்ஸ் குறித்த கூற்றுக்கு இப்படி எந்த விளக்கமும் பொருந்தாது. அது வெறும் பொய்.

பதில் 3:
அதை ஏற்கிறேன். ஆனாலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தச் சபையில் இருந்த ஒருவரிடம் விளக்கம் கேட்பது வாக்காளரின் உரிமை. 2007 பிப்ரவரியில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒபாமா தான் போட்டியிடுவதை அறிவித்த கூட்டத்தில் ஜெபிக்க ரைட் அழைக்கப்பட்டிருந்தார்; முந்தைய இரவு அந்த அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆக, சிக்கல் வருமென்று ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சர்ச்சைக்குரிய பேச்சுகளைச் சபையில் அமர்ந்து கேட்டதுண்டு என்று பிலடெல்பியாவில் ஒபாமா ஒப்புக்கொண்டதை, அவர் முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதே அளவுகோலை எதிர்த்தரப்புக்கும் வையுங்கள்: போதகர் ஜான் ஹேகியின் ஆதரவை பிப்ரவரியில் ஏற்ற குடியரசுக் கட்சியின் மெக்கெயின், யூதர்களை இஸ்ரேலுக்குத் திரும்பச் செய்யக் கடவுளே ஹிட்லரை அனுப்பினார் என்ற பொருளில் ஹேகி பேசிய பழைய பிரசங்கம் வெளிவந்த பிறகு, மே மாதத்தில்தான் அதை வேண்டாமென்றார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ரைட்டை விலக்கிய பின்னும் ஒபாமா சபையை விட்டு விலகியது ஏன்?

பதில் 1:
அங்கு விருந்தினராக வந்த ஒரு பாதிரியார், கட்சி வேட்பாளர் தேர்வில் ஒபாமாவின் போட்டியாளரான ஹிலாரி கிளிண்டனைப் பரிகசித்த பிறகு, மே மாத இறுதியில் விலகினார். அந்த மேடையில் யார் பேசினாலும் அது தன் கருத்தாகவே கொள்ளப்படும் என்பது ஒரு காரணம். செய்தியாளர்கள் சபையின் அறிவிப்புத் தாளை எடுத்துப் பார்த்து, நோயுற்று வீட்டில் முடங்கிக் கிடந்த உறுப்பினர்களையும் தொலைபேசியில் அழைத்தார்கள் என்பதையும் அவர் வருத்தத்தோடு குறிப்பிட்டார்.