நாகப்பட்டினம் பக்கம் போக என்ன இருக்கிறது?

பீடோங் செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். இந்த முறை மலேசியாவின் கெடாவிலிருந்து குடும்பத்தோடு தமிழ்நாடு போவதென்று முடிவாகிவிட்டது. யாரைக் கேட்டாலும் சென்னை, தி.நகர், புடவை, நகை, மதுரை மீனாட்சி என்றுதான் சொல்கிறார்கள். மாமியார் மட்டும் வேளாங்கண்ணி பார்க்க வேண்டும் என்கிறார். என் வீட்டுக்காரரோ, "கடல் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு, தஞ்சோங் டாவாய் பக்கத்தில்தானே இருக்கிறது" என்று கிண்டல் செய்கிறார். இரண்டு பிள்ளைகள், பெரியவன் பள்ளியில் படிவம் இரண்டு. அந்த நாகப்பட்டினக் கரையில் நாலு நாள் தங்குகிற அளவுக்கு ஏதாவது இருக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கூலிம் குமார்:
அக்கா, பேசாமல் கேரளா போங்க. ஆலப்புழையில் படகு வீடு, கொச்சியில் சீன வலை, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். நாகப்பட்டினத்தில் வெயில்தான் இருக்கு. கடலில் இறங்கிக் குளிக்கவும் முடியாது, அலை இழுக்கும்.

ஓய்வு டிரெசர்:
குமார் தம்பி சொன்னதில் கடைசி வரி சரி. அந்தக் கடலில் பிள்ளைகளை இறக்காதீர்கள், காலை நனைத்துவிட்டு மேலே வந்துவிட வேண்டும். படகு வீட்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கெடாவிலிருந்து போகிற தமிழ்க் குடும்பத்துக்கு நாகப்பட்டினத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் தோட்டத்து டிரெசராக, அதாவது தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்தவன். தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பாட்டிகளுக்கு ஊசி போடும்போது எந்த ஊர் என்று கேட்டால் சேலம், வட ஆற்காடு, திருச்சி என்று ஆளுக்கு ஓர் ஊர் சொல்வார்கள். எங்கே கப்பல் ஏறினீர்கள் என்றால் பல பேர் வாயிலிருந்து வருவது "நாகப்பட்டணம்". மலாயாத் தோட்ட வேலைக்குக் கங்காணிகள் சேர்த்த ஆட்களைத் தங்கவைத்த முகாம் அங்கேதான் இருந்தது, இன்னொன்று ஆவடியில். ரஜூலா கப்பல் 1926இல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970கள் வரைக்கும் ஓடியது. பினாங்கில் விடுமுன் ஜெரேஜாக் தீவில் நிறுத்தி அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதைச் சொல்லாமல் விட முடியவில்லை, தொழில் பழக்கம்.

அதற்கும் பல நூறு ஆண்டுக்கு முந்தியது ஒன்று இருக்கிறது. உங்கள் படிவம் இரண்டுப் பையனைப் புறப்படும் முன் மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் லெம்பா பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் கல்லையெல்லாம் காட்டுங்கள். கடாரம் என்பது நம் கெடாவின் பழைய பெயர். அந்தக் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்று ஒரு பெரிய புத்தப் பள்ளி கட்டினான். ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடு ஹாலந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்று பெயர். ஒரு தலைமுறை தாண்டவில்லை, 1025இல் அவன் மகன் ராஜேந்திரன் கப்பற்படையோடு வந்து அதே கடாரத்தை அடித்தான். உறவு அப்படி! விகாரத்தில் மிச்சமிருந்த கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள், இப்போது போய்த் தேடினால் ஏமாற்றம்தான். அங்கே கிடைத்த புத்தர் வெண்கலங்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தி.நகருக்குப் போகுமுன் அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நாகூரை மட்டும் விடாதீர்கள். பினாங்கு சூலியா தெருவில் ஒரு சின்ன நாகூர் தர்கா இருக்கிறதல்லவா, அதற்கு மூலம் இதுதான். ஐந்து மினாராக்கள். உயரமானது 131 அடி, அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். நான் போன அன்று குளக்கரையில் ஒரு நாவிதர் பட்டை போட்ட நெற்றியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பேத்தி தன் முறைக்காகத் தலையைத் தடவிக்கொண்டு நின்றது. தர்காவிலிருந்து வெளியே வந்தால் வாடா என்ற பலகாரத்தைக் கேளுங்கள். மேலே ஒரு இறால் பதிந்திருக்கும், எண்ணெயிலிருந்து எடுத்ததும் கையில் வைக்க முடியாது. நம் ஊர் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் விற்கிற இறால் வடை அதற்கு ஏதோ தூரத்துச் சொந்தம்.

வடக்கே காரைக்கால் தாண்டினால் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்குதான் அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தவர். பக்கத்திலேயே பாண்டியர் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறை கொட்டியிருக்கிறார்கள். மாலை வெயிலில் போங்கள், மத்தியானம் மணல் கொதிக்கும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று நம் கோலா மூடாவில் ஏறிய அதே சுனாமிதான் நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. அக்கரைப்பேட்டை மீனவர்களிடம் கெடாவிலிருந்து வருகிறோம் என்று சொன்னால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார்கள்.

சுங்கை பட்டாணி மேரி:
செல்வி, மாமியார் ஆசையை நிறைவேற்றுங்கள். ஆனால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா, பிள்ளைகளோடு வேண்டாம். காவி கட்டி நடந்தே வருகிற கூட்டத்தில் நிற்க இடம் கிடைக்காது. மற்ற நாளில் நிதானமாகப் பார்க்கலாம். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரைக்கும் மணல் பாதையில் முட்டி போட்டே போகிறவர்களைப் பார்ப்பீர்கள், அதில் இந்துக்களும் நிறைய. பேராலயத்தின் விடுதி அறைகள் சுத்தமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பீடோங் செல்வி:
டிரெசர் ஐயா, ரொம்ப நன்றி. மேரி அக்காவுக்கும்தான். வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறார், அதுவே பெரிய விஷயம். ஆண்டுக் கடைசி விடுமுறையில் போகலாமா?

ஓய்வு டிரெசர்:
நவம்பர், டிசம்பர் வேண்டாம்மா. வடகிழக்குப் பருவமழை, புயல் எல்லாம் அந்தக் கரைக்குத்தான் முதலில் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத் தென்னந்தோப்புகளை அப்படியே சாய்த்துவிட்டுப் போனது. பொங்கலை ஒட்டிப் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்குமானால் அப்போது போங்கள். வெயிலும் தாங்கும், கோடியக்கரையில் பூநாரைகளும் இருக்கும். அங்கே காட்டில் வெளிமான் கூட்டமாக மேயும், சின்னவளுக்கோ சின்னவனுக்கோ அது போதும். போகிற வழியில் வேதாரண்யம் உப்பளம், 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் இருக்கிறது, சென்னையில் இறங்கி அலைய வேண்டாம். திருச்சியிலேயே வேன் பேசிக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் இறங்கிப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திருவாரூர் வழியாகப் போனால் சாயங்காலத்துக்குள் நாகை. ஓட்டுநர் பேட்டாவைத் தனியாகக் கேட்பார், வாடகை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொஞ்சம் பையில் இருக்கட்டும். மாமியாருக்குச் சர்க்கரை இருந்தால் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

கூலிம் குமார்:
ஐயா, அந்த வாடா கடை தர்காவுக்கு எந்தப் பக்கம்?