என் நிலத்தில் கொக்கு சுட வருகிறார்கள், கிணற்றில் விழுந்தால் யார் பொறுப்பு?

கொருக்குப்பேட்டைக்காரன்:
கடப்பாக்கம் ஏரி பக்கம் அப்பா வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பத்து வருடமாகப் பயிர் இல்லை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, நடுவில் கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறு ஒன்று. மார்கழி பிறந்தால் போதும், ஞாயிறு விடிகாலையில் நாலைந்து பையன்கள் ஏர்கன்னோடு வந்து கொக்கு, மடையான் என்று கிடைத்ததைச் சுடுகிறார்கள். போன வாரம் போனால் கிணற்று மேட்டில் வெள்ளை இறகு, பிரியாணிப் பொட்டலம், காலி குண்டு டப்பா. ஏன்டா என்று கேட்டதற்கு, “உங்க வாட்ச்மேனுக்கு முந்நூறு கொடுத்துட்டோமே அண்ணா” என்கிறான் ஒருவன்! இருட்டில் எவனாவது உள்ளே விழுந்தால் போலீஸ் என்னைத்தான் தேடுமா? போர்டு வைத்தால் போதுமா?

மணலி பாலு:
போர்டு ஒரு வாரம் நிற்கும், அப்புறம் தகரம் எடைக்குப் போய்விடும். கம்பி வேலி போட்டு ராத்திரியில் மட்டும் லேசாகக் கரண்ட் கொடுங்க, ஒருத்தனும் வர மாட்டான்.

ஏரிக்கரை:
பாலு அண்ணே, தயவுசெய்து இந்த யோசனையை வேறு யாருக்கும் சொல்லாதீங்க. திருடனே செத்தாலும் கரண்ட் விட்டவர்தான் உள்ளே போவார், லேசான கரண்ட் என்று ஒன்றும் கிடையாது.

கேட்டவருக்கு: பட்டா உங்கள் பேரில் இருந்தாலும் அங்கே பறக்கிற கொக்கு உங்களுடையது இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சுடுவது மட்டும் வேட்டை இல்லை, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூட வேட்டைதான். மூன்று வருடம் வரை சிறை, அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் வரை. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பார்கள். குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்குள், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் அது சரிதான், ஆனால் அதை வைத்துக் கொக்கைச் சுட அது அனுமதிச்சீட்டு இல்லை.

குற்றம் செய்யும் எண்ணத்தோடு நுழைவதால் அது அத்துமீறலும்கூட, பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த பிஎன்எஸ் சட்டத்தில் 329-வது பிரிவு, மூன்று மாதம் வரை சிறை. ஆனால் உங்கள் ஆள் முந்நூறு வாங்கிக்கொண்டு விட்டானே, அங்கேதான் இடிக்கிறது. காசு வாங்கி அனுமதித்தால் உடந்தை என்பார்கள், உங்களுக்குத் தெரிந்தே நடந்தது என்று பையன்கள் சொன்னால் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். முதலில் அவனிடம் எழுதி வாங்குங்க, அப்புறம் ஸ்டேஷனிலும் வனத்துறையிலும் ஒரு மனு கொடுத்து ரசீதை பத்திரமாக வையுங்க.

கிணறு வேறு கதை. ஆள் வருவது தெரிந்தும் திறந்து போட்டிருந்தால், போர்டு ஒன்று உங்களைக் காப்பாற்றாது. செத்துப்போனால் அலட்சியம் என்று அதே பிஎன்எஸ்-ஸில் 106-வது பிரிவு போடலாம், ஐந்து வருடம் வரை.

கொருக்குப்பேட்டைக்காரன்:
வாட்ச்மேனிடம் பேசினேன். மூணு வருஷமா வாங்கறேன் சார், நீங்க கேக்கவே இல்லையே என்கிறார், என்ன சொல்வது! கிணற்றுக்கு இரும்பு கிரில் போட மீஞ்சூர் பக்கம் வெல்டர் யாராவது தெரிந்தால் சொல்லுங்க. குறுக்களவு பத்து அடி.