முரட்டு நாயகனை நமக்கு ஏன் பிடிக்கிறது?

காட்பாடி ஜங்ஷன் (இரவு 11.40)

நைட் டூட்டிக்கு நடுவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் தொடராக வரும் ஒரு காதல் நாவலை ஒன்றரை மாதமாகப் படிக்கிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கெல்லாம் பழகிய கதைதான். நாயகன் பெரிய தொழிலதிபர், கோபக்காரன். நாயகி எம்.பி.ஏ. முடித்தவள். அவள் அண்ணன் செய்த தப்புக்குப் பழிவாங்க அவளைக் கட்டாயக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். "உன் திமிரை அடக்கிக் காட்டறேன்" என்கிறான். பதினேழாவது அத்தியாயத்தில் கதவைச் சாத்துகிறான். அவள் வேண்டாம் என்று மூன்று தடவை சொல்கிறாள். நான் எண்ணினேன். அதற்குப் பிறகும் எழுத்தாளர் அதைக் காதல் காட்சியாகவே எழுதிக்கொண்டு போகிறார். மல்லிகை கசங்குகிறது, வளையல் உடைகிறது. கீழே "சூப்பர் யூடி சிஸ்" (யூடி என்றால் புதிதாக வந்த அத்தியாயம்), "ஹீரோ மாஸ்" என்று வரிசை கட்டி நிற்கிறார்கள்.

நான் முகம் சுளிக்கிற ஆளில்லை. படுக்கையறைக் காட்சி வந்தால் தள்ளிவிட்டுப் போகிறவளும் இல்லை. கதையில் ஒருத்தன் அதட்டி "இங்க வா" என்றால் எனக்கும் உள்ளே ஏதோ ஆகத்தான் செய்கிறது. போன மாதம் படித்த இன்னொரு கதையில் இதே அதட்டல் இனித்தது. இதில் வயிற்றைப் பிசைந்தது. என்ன வித்தியாசம் என்று டூட்டிக்கு வந்ததிலிருந்து யோசித்தும் பிடிபடவில்லை. உங்களுக்கு எப்படி?

முள்ளுக்கத்திரி

எனக்கு இனிக்கும். ஒளிக்காமல் சொல்கிறேன்.

காலை நாலே முக்காலுக்கு எழுந்தால் ராத்திரி பத்து வரைக்கும் எல்லாவற்றையும் நான்தான் முடிவு செய்ய வேண்டும். என்ன குழம்பு, மாமியாருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், வேன் பணம், லோன் தவணை, தண்ணீர் லாரி வருமா வராதா. "நீ உட்காரு, நான் பார்த்துக்கறேன்" என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை. கதையில் ஒருத்தன் சொல்கிறான். அதட்டித்தான் சொல்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டுமே. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் நாலு பக்கம் ஓடிவிடும். பிடிக்கவில்லை என்றால் போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்துவிடுவேன். அவன் எவ்வளவு பெரிய முரடனாக இருந்தாலும் என் கட்டைவிரல் நகர்ந்தால்தான் அடுத்த வரிக்கு வர முடியும். அப்போது யார் யாருக்கு அடங்கியிருக்கிறார்கள்?

எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது இது பாடமாகவே வந்தது. ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர் காதல் நாவல் படிக்கும் இல்லத்தரசிகளிடம் நேரில் பேசி 1984-இல் ஒரு புத்தகம் போட்டார். புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த நேரம் எங்களுடையது, வீட்டில் யாருக்கும் கிடையாது என்கிற மாதிரிதான் அந்தப் பெண்களும் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதே கட்சி.

கோர்ட்டு வாசல்

சத்துவாச்சாரியில் குடும்ப வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். முள்ளுக்கத்திரி அக்கா, உங்கள் கட்டைவிரல் உங்களிடம் இருக்கிறது, சரி. அந்த நாயகியிடம் என்ன இருக்கிறது?

மனு எழுத வரும் பெண்களிடம் "அவர் என்ன சொன்னார், அப்படியே சொல்லும்மா" என்று கேட்பேன். "உன் திமிரை அடக்கறேன்" என்ற வரியை எத்தனை தடவை என் கையால் எழுதியிருக்கிறேன் என்று எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. அங்கே மல்லிகை கசங்குவதெல்லாம் இல்லை.

சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் பழைய விதிவிலக்கு அப்படியே இருக்கிறது: மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால் கணவன் கட்டாயப்படுத்துவது வன்புணர்வு ஆகாது. 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாலியல் கொடுமை என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்துப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்தப் பதினேழாவது அத்தியாயத்துக் கதவைச் சட்டமே இன்னும் சரியாகத் திறக்கவில்லை. கதையும் சேர்ந்து தாழ்ப்பாள் போட்டால் எப்படி?

பாலாறு

ஆம்பளை ஒருத்தன் நடுவில் வரலாமா? என் மனைவி படிப்பதை எட்டிப் பார்த்துத்தான் இந்தக் கதைகள் எனக்குப் பழக்கம். வக்கீல் மேடம் சொல்வதற்கு என் ஓட்டு. ஆனால் எனக்குப் படுவது இதுதான்: அடக்குவது, அடிமையாவது, கட்டிப்போடுவது எல்லாமே மேல்நாட்டுச் சரக்கு. ஃபிஃப்டி ஷேட்ஸ் நாவல் 2011-இல் வந்தது, அதற்கப்புறம் ஆளாளுக்கு இதே பாணி. நம் ஊர்க் காதலில் இதெல்லாம் ஏது?

ஆரணிப்பட்டு

பாலாறு அண்ணா, நீங்கள் ரெண்டு வேறு சரக்கை ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள்.

ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைகளை நிறையப் படித்திருக்கிறேன். நல்லவற்றில் எது சரி, எது கூடாது என்று ரெண்டு பேரும் முன்னாலேயே உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள். நிறுத்து என்பதற்கு ஒரு சொல் வைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் வந்தால் அந்த நொடியே ஆட்டம் நின்றுவிடும். அதற்கப்புறம்தான் மண்டியிடுவது, கண்ணைக் கட்டுவது எல்லாம். ஃபிஃப்டி ஷேட்ஸையே அந்த வாழ்க்கை வாழ்கிறவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம் என்று அவ்வளவு பேசுகிறார்கள், கதாநாயகி கடைசிவரை அதில் கையெழுத்துப் போடுவதே இல்லை. படம் 2015-இல் வந்தபோது நம் தணிக்கை வாரியம் சான்றிதழ் தரவில்லை. அதே வாரியம், நாயகன் நாயகியைத் துரத்தித் துரத்தி ஒத்துக்கொள்ள வைக்கும் படங்களுக்கு வருஷா வருஷம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தறி உண்டு. பாவு நூலை இறுக்கிக் கட்டினால்தான் நெசவே வரும், தொளதொளவென்று இருந்தால் சேலை இல்லை, சாக்கு. ஆனால் ஒரு இழை அறுந்தால் அப்பா அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். குனிந்து தேடி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி. இறுக்கம் பிடிக்கும் என்று சொல்கிறவள் இழை அறுந்தாலும் மிதி என்று சொல்லவில்லை. ஜங்ஷன் அக்காவுக்குப் போன மாதக் கதை ஏன் இனித்தது, இது ஏன் கசந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

முள்ளுக்கத்திரிக்கு ஒன்று. அதே ராட்வே அந்தப் பெண்களிடம் காதல் நாவலில் எது இருக்கவே கூடாது என்றும் கேட்டார். முன்னால் வந்தவை வன்புணர்வும் சோக முடிவும்தான். உங்கள் கட்சிக்காரர்களே அந்தக் கதவைத் தாண்டவில்லை.

குடியாத்தம் வாத்தியார்

ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பேத்திதான் இதைக் காட்டினாள். கிழவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். "நம் ஊர்க் காதலில் ஏது" என்று ஒரு தம்பி சொல்லிவிட்டார், சும்மா இருக்க முடியவில்லை.

அடங்குதல், அடக்குதல். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். அடங்கினாள் என்றால் செய்தவள் அவள். அடக்கினான் என்றால் அந்த வாக்கியத்தில் அவளுக்கு எழுவாய் இடமே இல்லை. நீங்கள் மூன்று நாளாகச் சண்டை போடுவது இந்த ஙகர ககரத்தைப் பற்றித்தான்.

காமத்துப்பாலின் கடைசி அதிகாரம், 1327-ஆம் குறள்: "ஊடலில் தோற்றவர் வென்றார்." தோற்பது அங்கே ஒரு இன்பம், தெரிந்தே தோற்பது. இரண்டாயிரம் வருஷச் சரக்கு தம்பி, கப்பலில் வந்ததில்லை. தொல்காப்பியர் இன்னும் கறார். அன்பின் ஐந்திணைக்கு வெளியே பெருந்திணை, அதாவது பொருந்தாக் காமம், என்று தள்ளி வைத்த நான்கில் ஒன்று "மிக்க காமத்து மிடல்". மிடல் என்றால் வலிமை, வலிந்து கொள்வது. அது ஆசையே இல்லை என்று அவர் சொல்லவில்லை, ஆசை மிகுந்துதான் நடக்கிறது என்கிறார். ஆனாலும் அதைக் காதல் கணக்கில் எழுத மாட்டேன் என்கிறார். ஜங்ஷன் அம்மா படித்த பதினேழாவது அத்தியாயம் பெருந்திணை. ஐந்திணை என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள்.

நம் வள்ளிமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தை அடக்கி ஆள்கிற சாமி, தினைப்புனக் காவல்காரியிடம் வந்து என்ன செய்தார்? "பணியா என வள்ளி பதம் பணியும்" என்கிறது கந்தரனுபூதி. என்ன வேலை செய்யட்டும் என்று காலில் விழுந்து கேட்கிறார். பாடிய அருணகிரியாரும் அண்ணாமலைக்காரர், 1989 வரைக்கும் நம் வட ஆர்க்காடுதான்.

முள்ளுக்கத்திரி

இன்னா சார், யானையை விட்டுட்டீங்களே!

வருஷா வருஷம் மலை ஏறுகிறவள் நான். சாமி முதலில் வேடனாக வந்தார், அப்புறம் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டார். வள்ளி மசியவில்லை. உடனே அண்ணனை யானையாக வரவழைத்தார், அவள் பயந்துபோய்க் கட்டிக்கொண்டாள். இதில் எங்கே சார் கேட்டார்? இன்றைக்கு ஒரு எழுத்தாளர் இதை எழுதினால் வக்கீல் மேடம் நோட்டீஸ் அனுப்பியிருப்பார். நாம் கற்பூரம் காட்டுகிறோம். கதையைக் கதையாகப் பார்க்க நமக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எங்கப்பா பழைய பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கி வருவார். புத்தகத்துக்கு ரெண்டு கொலையாவது இருக்கும். அவர் எலிப்பொறி வைக்கவே யோசிப்பார்.

கோர்ட்டு வாசல்

உங்கள் அப்பா படித்த நாவலில் கடைசிப் பக்கத்தில் கொலைகாரனை என்ன செய்வார்கள்? விலங்கு மாட்டுவார்கள். இந்த நாவலில் கடைசிப் பக்கத்தில் அவனுக்கு இரட்டைக் குழந்தை பிறக்கும். "மாமா, நீங்க அன்னிக்கு அப்படி நடந்துக்கலேன்னா நாம சேர்ந்திருக்கவே மாட்டோம்" என்று அவளே சொல்லுவாள். என் சண்டை அந்தக் கடைசிப் பக்கத்தோடுதான். முரடன் இருக்கட்டும், தடை எல்லாம் நான் கேட்கவில்லை.

குடியாத்தம் வாத்தியார்

யானை எனக்கும் உதைக்கத்தான் செய்கிறது அம்மா. நாற்பது வருஷம் வகுப்பில் அந்த இடத்தைச் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன். ஒரு மாணவி எழுந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

ராத்திரி எழுத்து

இவ்வளவு நேரம் ஒளிந்து படித்துக்கொண்டிருந்தேன். நானும் இந்த மாதிரி கதை எழுதுகிறவள்தான். நீங்கள் சொல்லும் அந்த எழுத்தாளர் நானில்லை, கல்லெறிய வேண்டாம்.

என் முதல் கதையில் நாயகன் எல்லாவற்றுக்கும் கேட்பான். வந்த கருத்து: "ஹீரோ சப்பையா இருக்கான் சிஸ்." ரெண்டாவது கதையில் கேட்காதவனை வைத்தேன், கூட்டம் கூடியது. படிக்கிறவர்கள் கேட்டதைத்தானே கொடுக்கிறோம் என்று நானும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுவதில் ஒரு இடம் இப்படி வருகிறது. அவள் மணிக்கட்டு ரெண்டையும் அவன் சுவரோடு பிடித்திருக்கிறான்.

"விடட்டுமா?"

"விடச் சொன்னா விடுவீங்களா?"

"உடனே."

"அப்போ விடாதீங்க."

இதற்கு யாரும் சப்பை என்று சொல்லவில்லை. கேட்கிறவன் குரல் தழைந்தால்தான் சப்பையாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். அதட்டலாகவும் கேட்கலாம். அதை எழுதுவதுதான் கஷ்டம், கையைப் பிடித்து இழுப்பதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

பாலாறு

இந்த நாலு வரியை என் மனைவியிடம் காட்டினேன். ரெண்டு தடவை படித்துவிட்டு, "உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று போனை வாங்கிக்கொண்டாள். இன்னும் திருப்பித் தரவில்லை, இது மகன் போன்.

முள்ளுக்கத்திரி

நல்லா இருக்கு. ஆனால் எனக்குச் சில நாள் கேட்காதவனும் வேண்டும். கதையில்தான், தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருத்தர் கேட்காமல் டிவி ரிமோட்டை எடுத்தாலே நான் சும்மா விடமாட்டேன். என் மண்டைக்குள் நான் யாருக்கு அடங்குகிறேன் என்பதற்கெல்லாம் ஒருத்தரிடமும் கையெழுத்து வாங்க முடியாது, வக்கீல் மேடமிடம்கூட.

கோர்ட்டு வாசல்

மண்டைக்குள் எனக்கு அதிகார எல்லை கிடையாது அக்கா. கடைசிப் பக்கத்தை மட்டும் விடமாட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்

எல்லோருக்கும் நன்றி. பதினெட்டாவது யூடி நேற்று வந்துவிட்டதாம். திறக்கலாமா வேண்டாமா என்று கிடக்கிறேன். யாராவது படித்திருந்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவன் இந்தத் தடவையாவது கேட்டானா?

முள்ளுக்கத்திரி

படிச்சுட்டேன். கேட்கல. அவளுக்கு ஜுரம் வந்து படுத்திருக்கா, இவன் கஞ்சி வைக்கிறான்.

கோர்ட்டு வாசல்

கஞ்சியில் முடித்துவிட்டார்களா?

முள்ளுக்கத்திரி

உப்பு போட மறந்துட்டானாம். அவ சிரிக்கிறா. எனக்கே கொஞ்சம் எரிச்சலாத்தான் இருந்தது, போங்க.