புதுப்பிப்பு: மலத்தில் முழுதாக வெளிவந்த மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர் மாத்திரை

அப்பா உட்கொள்ளும் மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர் (மருந்தை மெதுவாக வெளிவிடும் நீரிழிவு மாத்திரை) மலத்தில் முழுதாக வெளியேறுகிறதே, மருந்து உடம்பில் சேரவில்லையா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ‘அது வெறும் கூடாக இருக்கலாம், எப்போது சாப்பிடுகிறார் என்றும் விசாரியுங்கள்’ என்ற யோசனையே பலித்தது. சிலர் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொன்னதை நல்லவேளையாக நாங்கள் செய்யவில்லை.

சுங்கை சிப்புட்டில் மருந்தாளரிடம் காட்டினோம். ஈரம் பட்டதும் மாத்திரை ஊதிக் கூழாகிறது. மருந்து அதிலிருந்து மெல்லக் கசிந்த பிறகு எஞ்சும் சக்கைதான் வெளியே வருகிறது. சாதாரண மெட்ஃபார்மின் இரத்தத்தில் 2 முதல் 3 மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். இதற்குச் சுமார் 7 மணி நேரம் ஆகும். பொடித்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரேயடியாக இறங்கிவிடும்.

எதிர்பாராதது வேறொன்று. அப்பா இதை விடியற்காலையில், பால்மரம் வெட்ட (ரப்பர் பால் எடுக்க) புறப்படுமுன், வெறும் வயிற்றில் விழுங்கி வந்திருக்கிறார் (எங்களிடம் சொன்னதோ ‘சாப்பாட்டோடுதான்’ என்று). மெட்ஃபார்மின் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது, பெருங்குடலில் மிகக் குறைவு. ஆகவே உணவோடு சேர்ந்து மாத்திரை இரைப்பையில் தங்கினால்தான் கசியும் மருந்து உரிய இடத்தை மெதுவாக வந்தடைய முடிகிறது. உணவோடு எடுத்தால் உறிஞ்சப்படும் அளவு சுமார் 50 விழுக்காடு கூடுமாம்.

இப்போது இரவு உணவோடு எடுக்கிறார். மூன்று வாரங்களில் காலைச் சர்க்கரை 9.8 mmol/L-இலிருந்து 7.4-க்கு இறங்கியுள்ளது. கூடு இன்னமும் வருகிறது.