வாலிபால் நண்பர்கள் சேர்ந்து ஆத்தங்குடிக் கல் பதிக்கலாமா?

ஊரணிக்கரை, பள்ளத்தூர்:
வணக்கம். எங்கள் வாலிபால் குழுவில் ஒருவனுடைய தங்கைக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. வீட்டிலேயே நடத்துகிறார்கள். இரண்டாங்கட்டில் சிமெண்ட் தரை பொரிந்துபோனதால், 16 அடிக்கு 12 அடி கூடத்துக்கு ஆத்தங்குடிக் கல் வாங்கி இறக்கிவிட்டார்கள். 8 அங்குலச் சதுரம், சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்டது. கொத்தனார் ஒருவர் கிடைத்தார், சித்தாள்தான் கிடைக்கவில்லை. நாங்கள் இருக்கும்போது அவன் ஏன் ஆள் தேடி அலைய வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் வருவதாகச் சொல்லிவிட்டோம். எதை நாங்கள் செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது? கடைசியில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் பளபளக்கும் என்கிறார் கொத்தனார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோட்டையூர்க் கொத்தன்:
தம்பி, ஆசிட்டை அந்த வீட்டு வாசற்படி ஏற விடாதீர்கள். இந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைப் பூவுக்குப் பூ ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவி, கலவை போட்டு மட்டம் செய்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்ததால் வந்த மினுக்கம் அது. ஆசிட் சிமெண்டை அரித்துவிடும். வண்ணமே ஒரு மெல்லிய படலம்தான். அதன் முகம் போனால் போனதுதான். கை வேலையை அப்படிப் பாழாக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இனி உங்கள் வேலை. கற்களைப் படுக்கையாக அடுக்காதீர்கள். முகத்தோடு முகம் சேர்த்து, செங்குத்தாக நிறுத்துங்கள். கையால் வார்த்த கல், கனத்தில் ஒன்றுக்கொன்று சிறிது மாறும். கனமானவை தனி, மெல்லியவை தனி என்று பிரித்துக் கொடுத்தாலே கொத்தனாருக்குப் பாதிப் பாரம் குறைந்துவிடும். உங்கள் கூடத்துக்குக் கணக்குப்படி 432 கல். உடைசலுக்கும் வெட்டுக்கும் சேர்த்து 460 இருக்கிறதா என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது மூலைமட்டம். இதை உங்களுக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. வாலிபால் ஆடுகளத்துக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் கோடு போடும்போது, குறுக்கே இரண்டு பக்கமும் 20 மீட்டர் 12 சென்டிமீட்டர் வருகிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பீர்களே, அதே கணக்குத்தான். 16-க்கு 12 என்றால் குறுக்களவு சரியாக 20 அடி.

கலவை விரிப்பது, ரசமட்டம் பார்ப்பது, கல்லை உட்காரவைப்பது மூன்றும் கொத்தனார் ஒருவர் கைதான். இரண்டு கை விழுந்த தரையில் நடக்கும்போதே கால் சொல்லிவிடும். அவர் வைத்துப் போன பின்னால் ஒருவர் ஈரத்துணியோடு நிற்கட்டும். இடுக்கில் விடும் வெள்ளைச் சிமெண்ட் பால் கல்லின் முகத்தில் காய விடக் கூடாது.

புதுவயல் அக்கா:
தரை நன்றாகக் காய்ந்த பிறகு தவிட்டைத் துணியில் முடிந்து, தேங்காய் எண்ணெயில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். எங்கள் ஊரில் அரிசி ஆலைகளுக்கா பஞ்சம், தவிடு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். நடக்க நடக்கத்தான் மினுக்கம் ஏறும், அவசரப்பட வேண்டாம். ஒன்று மட்டும் கல்யாண வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். எலுமிச்சம்பழம் நறுக்குவது, புளி கரைப்பது எல்லாம் வீட்டின் வேறு பகுதியில் நடக்கட்டும். புளிப்பு விழுந்த இடம் மங்கிவிடும். மஞ்சள் அரைத்த அம்மியையும் அங்கே கொண்டுவராதீர்கள்.

ஊரணிக்கரை, பள்ளத்தூர்:
மிக்க நன்றி அண்ணன், அக்கா. எண்ணிப் பார்த்தோம், 440-தான் இருந்தது. மீதிக்கு ஆத்தங்குடிக்கு ஆள் போயிருக்கிறது. ஆசிட் வேண்டாம் என்று அவன் அம்மாவே கொத்தனாரிடம் சொல்லிவிட்டார்கள், அவரும் சரியென்றுவிட்டார். நூல் பிடித்ததில் இரண்டு குறுக்களவுக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம். பழைய சுவர், அதை ஒன்றும் செய்ய முடியாது. வெட்டுக்கல்லை எந்தப் பக்கம் தள்ளுவது?

கோட்டையூர்க் கொத்தன்:
சுவரை ஒட்டித் தொடங்காதீர்கள். நிலைவாசலில் நின்றால் நேராகக் கண்ணில் படும் வரிசைக்கு நூல் கட்டி, அங்கிருந்து முழுக்கல்லாகவே போகட்டும். பீரோவும் பத்தாயமும் நிற்கப்போகிற சுவர் எது என்று அவன் அம்மாவிடம் கேளுங்கள். வெட்டு முழுவதும் அந்த ஓரத்துக்குப் போகட்டும். பூ வேலைப்பாடு நான்கு கல் சேர்ந்தால்தான் முழுமையாகும் என்பதால், கலவை போடும் முன் முதல் இரண்டு வரிசையைச் சும்மா அடுக்கிப் பார்த்துவிடுங்கள்.